கிணற்றடியில் பிண்ணாக்கு

உட்பொருள்காரர் என்றோர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் ஒருவராவது இருப்பார். மழை பெய்தால் நாமெல்லாம் குடையைத் தேடுவோம். அவர் மழை எதைக் குறிக்கிறது என்று தேடுவார். பழைய காவியமோ நேற்று வந்த நாவலோ, கையில் கிடைத்தால் போதும். அதில் வருகிறவர்களை ஒருவர் விடாமல் மேசைமேல் கிடத்தி, நாயகி அழுதால் அது அழுகை இல்லை, வில்லன் சிரித்தால் அது சிரிப்பு இல்லை, இருவருக்கும் நடுவே உருண்டு கிடக்கும் செம்புதான் கதையின் உண்மையான நாயகன் என்று நிரூபித்து முடிப்பதற்குள் கேட்டவர்களில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அந்தத் தூக்கத்துக்கும் அவரிடம் ஒரு விளக்கம் உண்டு.

எழுபதுகளின் நடுவில் பொள்ளாச்சிக்கு மேற்கே, எல்லையோர மீனாட்சிபுரத்தில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒருவர் குடியிருந்தார். பெயர் ராமபத்ரன். பூர்வீகம் கல்பாத்தி அக்ரஹாரம், பக்கத்துச் சித்தூரில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. தென்னை விழுந்து சுவர் இடிந்துவிட்டது, நிவாரணம் வேண்டும் என்று யாராவது மனுக் கொடுத்தால், "மேலோட்டமாப் பாத்தா தென்னை விழுந்திருக்கு. ஆனா அது ஏன் வடக்கே விழல்லே?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி கழன்றால் அன்றைக்கு மனு நகராது. வீட்டில் மனைவி பர்வதம் "நெய் தீந்துடுத்து" என்பாள்.

"இதை நீ ஏன் இன்னிக்குச் சொல்றே?"

"இன்னிக்குத்தான் தீந்தது."

ஒரு பதில் இவ்வளவு சாதாரணமாக இருக்கமுடியும் என்பதை அவர் நம்பியதே இல்லை.

ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆய்வுரை. ஒரு முறை அங்கே புது நாவல் ஒன்று வந்தது. கைவிடப்பட்ட மரகதவல்லி கிணற்று மேட்டில் ஏறி, ஒரு காலைத் தூக்குகிறாள். பக்கத்தைத் திருப்பினால், 'சினைப்பசுவுக்குப் பிண்ணாக்கைச் சற்றுக் கூடுதலாகத் தரவேண்டும்' என்றிருந்தது. அங்கிருந்து பதினாறு பக்கம் மாடுதான். கோமாரி, மடிவீக்கம், தொழுவம் கழுவும் முறை. அப்புறம் பார்த்தால் மரகதவல்லி சென்னையில் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

ராமபத்ரன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தனக்குப் புரியாததை ஒருவன் எழுதிவிட்டானே! மறுபடி படித்தார். புரியவில்லை. தனக்கே புரியாதபடி எழுதுகிறவன் மகா கலைஞனாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. அதற்கு அடுத்த முறை படிக்கும்போது எல்லாமே புரிந்துவிட்டது. அந்த மாத ஆய்வுரையில் எடுத்து விளாசினார்.

"பெண் கிணத்தடியிலே நிக்கறா. உடனே பசு வரது. கேட்டேளா? சமூகம் அவளைப் பசுவாப் பாக்கறதாக்கும். மடிவீக்கம்னா என்ன? கொடுக்க முடியாத அன்பு உள்ளே கட்டிக்கொள்றது!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. வாசகசாலைச் செயலாளர் ஆறுச்சாமி மட்டும் நெளிந்தார்.

"சாமி, பைண்டிங்குல மாடு வளக்கற பொஸ்தகம் ஒண்ணு கலந்துருச்சாட்டம் இருக்குதுங்க."

"கலந்துடுத்துன்னு உங்களுக்குத் தோணறதோல்லியோ? அந்தக் கலக்கத்துக்காகத்தான் எழுதினதாக்கும்."

கடைசி வரிசையில் மருதாத்தாள் எழுந்தாள். நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். கறவை முடிந்தால் கையில் நாவல். "ஏனுங்க சாமி, அவ கெணத்துல உழுந்தாளா, இல்லீங்களா?"

"அது முக்கியமே இல்லை" என்றார் ராமபத்ரன்.

அவளுக்கு அது முக்கியமாக இருந்தது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆறுச்சாமியிடம் வந்து சண்டை போட்டாள். பொறுக்கமுடியாமல் அவர் ஆண்டுவிழாவுக்கு நாவலாசிரியரையே வரவழைத்துவிட்டார்.

மேடையில் ஆறுச்சாமி புத்தகத்தை விரித்துக் காட்ட, நாவலாசிரியரின் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த ராமபத்ரனிடம் குனிந்து, "இதை நான் எழுதவே இல்லை சார்" என்றார்.

ராமபத்ரன் சபையைப் பார்த்தார். எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் பர்வதம். மைக் ஏற்கெனவே அவர் முன்னால் வந்துவிட்டது. என்ன செய்வார் பாவம்? எழுந்தார், கண்ணாடியைக் கழற்றினார். வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. மரகதவல்லி, பசு, மடிவீக்கம், கட்டிக்கொண்ட அன்பு என்று அது பாட்டுக்கு ஓடியது. இப்படி எழுத நூற்றாண்டுக்கு ஒருவர்தான் வருவார் என்று முடித்தபோது பர்வதம்கூடக் கைதட்டினாள்.

இருபது நாவல் எழுதியும் யாரும் தம்மைப் பற்றி ஒரு வரி நல்லதாகச் சொல்லிக் கேட்டிராத நாவலாசிரியர், அந்தப் பதினாறு பக்கத்தை மறுபடி ஒருமுறை புரட்டினார். மெல்ல எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"இந்தப் பகுதியை எழுத எனக்கு மூணு வருஷமாச்சு" என்றார்.

மருதாத்தாள் மேடைக்கே வந்துவிட்டாள். "அவ எப்படிங்க பொழச்சா?"

நாவலாசிரியர் வாயைத் திறந்தார். ராமபத்ரனைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "அதைச் சொன்னா கலை கெட்டுப்போயிரும்மா."

"ஒரு பொம்பள கெணத்து மேல கால ஓங்கிட்டு நிக்கறா. ரெண்டு பேரும் படிச்சவங்கதானுங்களே, ஓடிப்போய்ப் புடிக்கோணும்னு ஒருத்தருக்காச்சும் தோணுதுங்களா?"

"இந்தக் கேள்வியைத்தான் நாவல் நம்மகிட்டே கேக்கறது!" என்றார் ராமபத்ரன். அதற்கும் கைதட்டினார்கள். மருதாத்தாள் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வாசகசாலைப் பக்கமே வரவில்லை.

பொள்ளாச்சி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது நாவலாசிரியர் உண்மையைச் சொன்னார். பாரவண்டிக்காரன் ஒருவன் மரகதவல்லியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறான். அவ்வளவுதான்.

"அது வேண்டாம். ரொம்ப சாதாரணமா இருக்கு" என்றார் ராமபத்ரன்.

"ஆனா சார், என்னோட பதினாறு பக்கம் அந்த மாட்டுப் புத்தகத்துக்குள்ள போயிருக்குமே. மடிவீக்கத்துக்கு மருந்து தேடறவன் பக்கத்தைத் திருப்பினா, நடுவுல ஒருத்தி கிணத்துல குதிக்கப் போறா. அவன் என்ன நினைப்பான்?"

பஸ் வந்தது. நாவலாசிரியர் ஏறிக்கொண்டார். பஸ் போயும் விட்டது. ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அடுத்த மாத உரைக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது: 'கால்நடை நூல்களில் பெண்ணின் துயரம்.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் யாராவது ஒரு கதையைக் காட்டி, அதில் என்ன நடந்தது என்று கேட்டபோது, "அது முக்கியமில்லை" என்று நீங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லையா? சாப்பிட்டாயா என்று கேட்டவர் எதை மனத்தில் வைத்துக் கேட்டார் என்று யோசித்ததில்லையா? இல்லையென்றால் நல்லது. இந்த ஆசாமி நம்மிடம் ஏன் இதைக் கேட்கிறான், இதற்குள் வேறு ஏதோ இருக்கிறதே என்று இப்போது உங்கள் கை மூக்குக்கண்ணாடிக்குப் போகிறது பாருங்கள், அந்தக் கையை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.