படகில் தூக்கிய கை

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் வலி தேவலையா என்று அவள் கேட்கச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பூங்காக் குளம் மட்டும்தான் இங்கே நலமாக இல்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அக்கா. மாடி அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலையும் ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன். அத்தான் போன பிறகு தனியாகக் கிடக்காதே, வந்துவிடு என்று எத்தனை கெஞ்சியும் பிடிகொடுக்காத நீ, "தண்ணி தெரியற ஜன்னல் இருந்தா வரேன்டா" என்று ஒருவழியாகச் சொன்னாய். உன் அந்த ஒரே ஆசையில் நான் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் படி. எங்கள் ஊர்ப் பூங்காக் குழுவில் இருக்கும் ஐந்து பேரில் நானும் ஒருவன். நகராட்சி வருடத்துக்கொரு முறை கிள்ளிக் கொடுக்கிற பணத்தில் நாங்கள் புல் வெட்ட வேண்டும், ஊஞ்சல் சங்கிலி மாற்ற வேண்டும், பந்து மைதானத்துக்கு விளக்குப் போட வேண்டும். இந்த லட்சணத்தில், நாங்கள் கூடிப் பேசும் அறைக்கு அதே நகராட்சி எங்களிடம் வாடகை வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தலைவி பல் டாக்டர். பிடுங்க வேண்டியது எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். "இனிமே கூட்டமெல்லாம் குளத்துல, படகுலதான். தண்ணிக்கு யாரும் வாடகை கேக்க மாட்டாங்க" என்றார். மின்விசிறிக்கு ஆசைப்பட்டு யாரும் பழைய அறைக்கே திரும்பிவிடக் கூடாதென்று, குளத்தில் கூடாத கூட்டம் எந்தச் செலவுக்கும் ஒப்புதல் தர முடியாது என்று விதியும் எழுதிக்கொண்டோம்.

அன்றிலிருந்து இரண்டு மிதிபடகுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதக்கிறோம். குமாஸ்தா மட்டும் தண்ணீர் பயத்தில் கரையிலேயே நின்று குறிப்பெடுப்பார். போன வாரம் நகராட்சியின் யோசனை வந்தது: குளத்தைத் தூர்த்துக் கார் நிறுத்தமாக்கினால், அந்த வருமானத்தில் ஊஞ்சல், விளக்கு எல்லாம் நடக்குமாம். தலைவியும் இன்னொருவரும் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள், மிச்சம் நான். ஒரு நாளும் கூடாது என்று சொல்லத்தான் மிதித்துக்கொண்டு போனேன், சத்தியமாக. ஆனால் அன்றைக்கு வெயிலும் இல்லை மழையும் இல்லை. படகு தானாகவே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, மரநிழல் ஒருமுறை எங்கள் மேல் வந்து பிறகு போனது, தலைவி படித்த கணக்கு எங்கேயோ யாரோ பேசுவது போலக் கேட்டது. பஸ் டிப்போவில் ஆயுள் முழுக்க நேரம் குறித்தவன் நான், வேலையில் கண் அசந்தவனில்லை. அன்று அசந்துவிட்டேன். அசந்தால், எங்கள் மாடி ஜன்னல் திறக்கிறது. நீ நிற்கிறாய், தலை துவட்டிய துண்டு தோளில் அப்படியே இருக்கிறது, தண்ணீரைப் பார்த்துச் சிரிக்கிறாய், பிறகு என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறாய். நானும் கை ஆட்டினேன், அக்கா. வேறென்ன செய்வேன்.

"மூணு கை. தீர்மானம் நிறைவேறிடுச்சு" என்று கரையிலிருந்து குமாஸ்தா கத்தியதும்தான் கண் விழித்தேன்.

"ஐயோ, நான் தூக்கலங்க" என்றேன்.

"தூக்கினீங்களே. சிரிச்சுக்கிட்டே தூக்கினீங்க" என்றார் தலைவி.

"அது எங்க அக்காவுக்குங்க."

எல்லோரும் எங்கள் மாடியைப் பார்த்தார்கள். மூடிய ஜன்னலும், மேலே உட்கார்ந்திருந்த ஒரு காக்காயும்தான் தெரிந்தன. குறிப்பில் ஏறியது ஏறியதுதான் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். நாளைக்கு மண் லாரி வருகிறது. இனி அந்த ஜன்னலில் காரின் முதுகுதான் தெரியும். அதைப் பார்க்க வா என்று எந்த முகத்தோடு உன்னைக் கூப்பிடுவேன்? நீ வரமாட்டாய் என்பது ஒரு பக்கம், அதற்கு நானே காரணம் என்பதுதான் தாங்க முடியவில்லை. நீ அங்கேயே சௌகரியமாக இரு. வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே. உன் ஆசீர்வாதம் எங்களுக்கு வேண்டும். கோபம் தீர்ந்த பிறகு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உன் தூங்குமூஞ்சித் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கடிதத்தை ஒட்டுமுன் உன் தம்பி பெண்டாட்டி வாங்கிப் படித்தாள். "மண் லாரிக்காரனுக்குப் பணம் யார் குடுக்கணும்?" என்றாள். எங்கள் குழு என்றேன். "வேலை முடிஞ்சதும் எங்க கூடி ஒப்புதல் குடுப்பீங்க?" படகில் என்றேன். "குளத்தத் தூத்துட்டா படகு எது மேல மிதக்கும்? அண்ணியப் பெட்டி கட்டச் சொல்லுங்க" என்று போய்விட்டாள். விடிந்ததும் மண்ணோடு வந்த லாரிக்காரரிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். வேலை முடிந்த பிறகு பணம் வர வழியே இல்லையென்றால் ஒரு கூடை மண்கூடக் கொட்டமாட்டேன் என்று அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டார். விதியை மாற்ற அடுத்த வாரம் குளத்தில் கூட்டம் போடுகிறார்கள். அதற்கும் மூன்று கை வேண்டும். இந்தத் தடவை என் இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள்தான் இருக்கும். நீ உடனே கிளம்பி வா. கூட்டம் முடிகிறவரை மட்டும், ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துக் கை ஆட்டாதே.