பெரியவரைச் சாப்பிடக் கூப்பிட்ட கதை

ஒரு பெரிய மனிதரின் பேரைச் சொல்லி, "அவரை எனக்கு நல்லாத் தெரியும்" என்பதை எங்கள் ஊரில் யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. பஸ்சில் இடம் பிடிக்க, ஆஸ்பத்திரியில் சீக்கிரம் உள்ளே போக, கோயில் வரிசையில் நாலு பேரைத் தாண்டி நிற்க, எல்லாவற்றுக்கும் போடியில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். நானும் அப்படிப் பலரைத் தெரிந்து வைத்திருந்தவள்தான். (அவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. மீதிப் பேர் நேரில் எப்படி இருப்பார்கள் என்று எனக்கே தெரியாது.) அந்தப் பழக்கம் என்னைவிட்டு ஒரே பகலில் ஓடிப்போனது. அது போன விதம் அவ்வளவு கௌரவமாக இல்லை.

அரையாண்டு லீவுக்கு என் நாத்தனார் செல்வி மதினி, மகன் கவினோடு சென்னையிலிருந்து வந்திருந்தார். கவினுக்கும் என் மகள் யாழினிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வந்த அன்றைக்கே கவின் ஆரம்பித்துவிட்டான். சென்னையில் ஏதோ ஒரு பார்க்காம். அங்கே குளத்துக்குள் அலை வருமாம். தலைகீழாக ஓடும் ரயில் இருக்குமாம். யாழினி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன், "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டான். அவனுக்கு அது சாதாரணக் கேள்வி. என் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கம்மா அதவிட நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க, பாரு" என்று சொல்லிவிட்டாள். (வாய் என்னிடமிருந்து வந்தது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.)

சாயங்காலம் அடுப்படிக்கு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நம்ம ஊர்ல நெசமாவே என்னம்மா இருக்கு? கவின் சிரிக்க மாட்டான்ல?"

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போகிற நிலைமையில் நாங்கள் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது. நாளைக்கு அவன் முன்னால் என் மகள் தலைகுனியக் கூடாது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் மனசில் இருந்தது.

கடைக்கு வரும் ஒரு பெண் சொன்ன இடம் நினைவுக்கு வந்தது. ராசிங்காபுரம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் ஓடை. மழை முடிந்த சமயம், தண்ணீர் முழங்கால் அளவு ஓடும், வழுக்குப்பாறை உண்டு, காசு பணம் எதுவும் வேண்டாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனால் போதும்.

"தோப்பு யாருது? உள்ள விடுவாகளா?" என்று கேட்டார் மதினி. அவருக்கு எதையும் சந்தேகப்படாமல் இருக்கத் தெரியாது.

தோப்பு ஓர் ஏலக்காய் வியாபாரியுடையது. வயதானவர், ஊரில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் எங்கள் கடைக்குப் பட்டா நகல் எடுக்க வந்திருந்தார். "பின்பக்கமும் எடும்மா" என்றார். அவர் என்னோடு பேசிய மொத்தப் பேச்சும் அதுதான்.

"பெரியவர் தோப்பு மதினி! நமக்கு ரொம்ப வேண்டியவுக. என்னையக் கண்டா 'அமுதா, சாப்ட்டியாத்தா'ன்னு கேக்காமப் போகமாட்டாக" என்றேன்.

யாழினி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக நான் மந்திரியைக்கூடத் தெரியும் என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவின் பின்னால் பாயை விரித்து எல்லோரும் ஏறிக்கொண்டோம். புளிச்சோறு ஒரு தூக்கு, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, பாதித் தார் நாட்டுப்பழம். வழியெல்லாம் மக்காச்சோளக் காடு. கவின் பின்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு காற்றில் வாயைத் திறந்து மூடி விளையாடினான். சரி, பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தோப்புக்கு வெளியே வண்டி நின்றது. ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்த மாதிரி இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் அங்கேயே குனிந்துவிட்டார். நாங்கள் முன்னால் நடந்தோம். வேலியோரம் ஒருவர் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், கருப்பையா என்று பேர்.

"ஏத்தா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போற?"

"ஓடைக்குண்ணே. குளிச்சிட்டுச் சாப்பிட்டு வந்துருவோம்."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்கு வேணாம்த்தா. பெரியவர் வந்திருக்காரு" என்றார். மதினி என்னைப் பார்த்தார். கவினும் யாழினியும் என்னைப் பார்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் திரும்பி நடந்தால் என் மானம் என்ன ஆவது?

"வந்தா என்னண்ணே? எனக்குத் தெரிஞ்சவுகதான்" என்றேன்.

"தெரிஞ்சவுகளா?"

"நல்லாப் பழக்கம். என்னையப் பாத்தா ஒண்ணும் சொல்லமாட்டாக."

அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அதுவரை 'நீ' என்றவர் 'நீங்க' என்று மாறினார். "அப்ப நீங்க சொன்னாக் கேப்பாரா?"

"ஏன் கேக்காம? சொல்ற விதமாச் சொன்னா கேப்பாக."

"அப்பிடின்னா ஒரு வார்த்தை சொல்லி விடுங்காத்தா. போன வாரம் என் வேலியப் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு. தென்னம்பிள்ளை ஒண்ணு மிச்சமில்ல. கேக்க நாதியில்ல எங்களுக்கு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை வயசுக்குமேல் வேலித் தகராறு எதற்கு இந்த மனுசனுக்கு! "நான் பாத்துப் பேசுறேண்ணே, நீங்க கவலப்படாதீக" என்றேன். மதினி முன்னால் சொன்னதால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"காலையில மேல ஏறிட்டாருன்னு சொல்றாக. சாயங்காலம்தான் எறங்குவாரு. இருந்தாலும் வெரசா வந்துருங்க" என்றார். மேலே எஸ்டேட் இருக்கிறது, ஏலக்காய் பார்க்கப் போயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பின்னால் தூக்குவாளியோடு வந்து சேர்ந்த இவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னைப் பெரியவருக்கு எவ்வளவு தெரியும் என்பது இவருக்குத் தெரியும்.

ஓடையைப் பற்றி அந்தப் பெண் சொன்னதில் ஒன்றும் மிகையில்லை. தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. தென்னம்பாளையில் உட்கார்ந்து வழுக்குப்பாறையில் சறுக்கிப் பொத்தென்று தண்ணீரில் விழ வேண்டும், ஏறி வந்து மறுபடியும் விழ வேண்டும். முதலில், "தண்ணி ஜில்லுனு இருக்கு, செம்ம போர்" என்று பாறையில் உட்கார்ந்திருந்த கவின், ஒரு தடவை விழுந்தான். அப்புறம் அவனைக் கரையேற்ற முடியவில்லை. இவர் துண்டை விரித்துப் பிடிக்க, பிள்ளைகள் அயிரை மீனை விரட்டி அதற்குள் விட்டார்கள். மதினிகூடச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டார். கவின் சத்தமாகச் சிரிக்கும்போதெல்லாம் யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்!

பசி எடுத்தது. இலை போட்டு, புளிச்சோற்றை வைத்தேன். பழத்தாரை என் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். கவின் அம்மாவின் போனை வாங்கி எங்களை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மூங்கில் புதருக்குள் படக்கென்று ஏதோ ஒடிகிற சத்தம் கேட்டது. ஆள் நடக்கிற மாதிரி சருகு நொறுங்கியது. இலைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. பெரியவர் சாம்பல் கலர் சால்வை போர்த்தியிருக்கிறார் என்று நினைத்தேன்.

என்னை யாரென்று கேட்டுவிட்டால் மதினி முன்னால் மானம் போய்விடும். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொள்ள வேண்டும். எழுந்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டேன். புதரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன்.

"வணக்கங்கய்யா! நான்தான் அமுதா, ஜெராக்ஸ் கடை! நல்லாருக்கீகளா? ஏன் அங்கயே நிக்கிறீக? வாங்க, வாங்க! சாப்பிட வாங்க!"

பெரியவர் வந்தார்.

முதலில் தும்பிக்கை வந்தது. அதற்குப் பின்னால் ஒற்றைத் தந்தம். அதற்குப் பின்னால், மலையில் ஒரு பகுதி கழன்று வருவது போல மற்றது எல்லாம் வந்தது.

இவர் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். முழங்கால் வலிக்கு வருஷக் கணக்கில் வைத்தியம் பார்க்கும் மதினி, அவருக்கு முன்னால் வண்டியைப் போய்ச் சேர்ந்திருந்தார். நான் மட்டும் கூப்பிய கையோடு அங்கேயே நின்றேன். வீரம் ஒன்றும் இல்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா!" என்று யாழினி கதறியது பின்னால் கேட்டது. திரும்பக்கூட முடியவில்லை. இது என்னைத் தாண்டிப் போனால் அங்கே என் பிள்ளை இருக்கிறது என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. வாய் தானாக என்னமோ சொல்லிக்கொண்டிருந்தது. "ஐயா, பிள்ளைக இருக்குய்யா. தெரியாமக் கூப்பிட்டுட்டேன்யா. நீங்க போயிருங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்யா." என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

அது காதை ஒருமுறை வீசியது. அந்தக் காற்று என் முகத்தில் பட்டது. பழத்தாரைத் தூக்கிக்கொண்டது. ஒரு காலைத் தூக்குவாளியின் மேல் வைத்தது. பிறகு, வேறு சோலி இருக்கிற மாதிரி, வந்த வழியே திரும்பி மூங்கிலுக்குள் போய்விட்டது.

இவர் திரும்ப ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வரப்பில் கருப்பையாவும் இன்னும் சிலரும் வெடியும் கையுமாக, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"பெரியவர் வந்திருக்காருன்னு சொன்னாருங்க" என்று நான் அழுதேன்.

"எந்தப் பெரியவர்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டியாடி?" என்றார் இவர்.

மலையடிவாரத்துச் சனங்கள் யானை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். பேரைச் சொன்னாலே வந்துவிடும் என்று பயம். அதனால் பெரியவர். வருஷக் கணக்காக எஸ்டேட்டுக்கு லோடு ஏற்றுகிற இவருக்கு அது தெரியும். போடி டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, யானையைக் கோயில் வாசலில் மட்டும் பார்த்திருந்த எனக்குத் தெரியாது. பேரைச் சொன்னாலே வருகிறவரை நான் இலை போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன்.

திரும்பும்போது வண்டியில் யாழினி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அப்ப உனக்கு அந்தத் தோப்புக்காரரத் தெரியாதா?"

"தெரியாதுடா" என்றேன். மதினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிள்ளையின் முகத்தை நிமிர்த்திப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எது நடக்கக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டேனோ, அதை என் வாயாலேயே நடத்திவிட்டேன்.

அப்போது கவின், போனில் எதையோ மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்தான்.

"யாழினி, நீ செம்ம லக்கி. உங்கம்மா கூப்ட்டா யானையே வருது. எங்கம்மா கூப்ட்டா நானே போகமாட்டேன்."

மதினி அவன் தலையில் ஒரு கொட்டு வைத்தார். வைத்த கையோடு அவரே சிரித்துவிட்டார். யாழினி மடியிலிருந்து எழுந்து அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நான் ராசிங்காபுரத்திலிருந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அந்த வீடியோ இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது. மூங்கில் புதர், என் வரவேற்பு, ஒரு தும்பிக்கை, அதற்கப்புறம் முழுக்க முழுக்கத் தரையும் ஓடுகிற கால்களும். எந்தக் கல்யாண வீட்டிலும் பந்திக்கு ஆள் கூப்பிடும் வேலையை எனக்குக் கொடுப்பதில்லை. கருப்பையா அண்ணன் ஒருநாள் கடைக்கே வந்து இரண்டு இளநீர் கொடுத்தார். "நீங்க கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னதுக்கப்பறம் அவரு எங்க பக்கம் எறங்கவே இல்லாத்தா" என்றார். எனக்கு அவரைத் தெரியவே தெரியாதுண்ணே என்று தலையில் அடித்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

கவின் அடுத்த லீவுக்கும் இங்கேதான் வருவேன் என்று அடம் பிடிக்கிறானாம். என் மகளுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. ஆனால் எனக்குத்தான் வீட்டில் மரியாதை போய்விட்டது. தட்டை வைத்துவிட்டு, "யாழினி, சாப்பிட வா" என்று கூப்பிட்டால், உள்ளறையிலிருந்து முதலில் ஒரு பிளிறல்தான் வருகிறது. அப்புறம் ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டு, தொம் தொம் என்று தரை அதிர அவள் நடந்து வருகிறாள்.