தேர்ட் பார்ட்டி மட்டும் வேண்டாம்

"தேர்ட் பார்ட்டியாம், தேர்ட் பார்ட்டி. என்னத்தைக் கண்டாரு இவரு?"

தக்காளி மண்டி மாரப்பன் பைக்கைக் கிளப்பித் தெருமுனை திரும்பும்வரை சிரித்த முகத்தோடு கும்பிட்டு நின்ற மாதவராஜ், ஸ்டுடியோவுக்குள் வந்ததும் நாற்காலியை ஓர் உதை விட்டான். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரல்தான் வீங்கியது. அந்த வீக்கத்துக்கும் சேர்த்து மாரப்பன் மேல்தான் கோபம் வந்தது.

உள்ளே கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்துகொண்டிருந்த அவன் மனைவி சுகுணா தலையைத் திருப்பாமல் கேட்டாள். "மக கல்யாணத்துக்குப் புக்கிங் குடுத்துட்டுத்தான போறாரு? அதுக்கு எதுக்கு நாற்காலியை உதைக்கறீங்க?"

"புக்கிங்கும் குடுத்தாரு, கூடவே செருப்பால அடிச்ச மாதிரி ஒரு பேச்சும் குடுத்தாரு. 'இங்க பாருங்க தம்பி, எனக்கு ஒரிஜினல்தான் வேணும். தேர்ட் பார்ட்டி மட்டும் வேண்டாம். எங்க அக்கா பையன் கல்யாணத்துல அந்த வேலையைப் பண்ணி, ஒரு படம் உருப்படியா இல்ல'ங்கறாரு. சொல்லும்போது அவரு கண்ணு எங்க இருந்துச்சு தெரியுமா? மேசைமேல இருந்த நம்ம லென்ஸ் மேல."

கேமரா செய்தவனே செய்தால் அது கம்பெனி லென்ஸ். வேறொருத்தன் அந்தக் கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி செய்து பாதி விலைக்கு விற்றால் அது தேர்ட் பார்ட்டி லென்ஸ். மாதவராஜ் வைத்திருந்தது இரண்டாவது ரகம். ஊரில் இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்து, பெங்களூருக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து, ஆறு மாசம் யோசித்து வாங்கியது. பொண்டாட்டியைக்கூட இவ்வளவு யோசித்துக் கட்டவில்லை என்று சுகுணா சொல்வாள். வாங்கின நாளிலிருந்து அந்த லென்ஸ் அவனை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை.

அவன் வயிறு எரிந்ததற்குக் காரணம் வேறு. மாரப்பன் மகள் காவேரி, தன் சிநேகிதி ஜாஸ்மின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்தா அந்தண்ணன்தான் எடுக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றதால்தான் மாரப்பன் இந்தக் கடைப்படியே ஏறினார். ஜாஸ்மின் ஆல்பம் பூராவும் இந்த லென்ஸில் எடுத்தது. படம் இனிக்கிறது, எடுத்த கண்ணாடி மட்டும் கசக்கிறதாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"போன் போட்டு, என்ன சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் சுகுணா.

"கேட்டா? நம்மகிட்ட இருக்கறது தேர்ட் பார்ட்டின்னு நாமளே வாயைக் குடுத்து மாட்டிக்கவா?"

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒரு வருஷமாக மாரண்டஹள்ளியில் பெரிய வூட்டுக் கல்யாணம் எல்லாம் பாலக்கோட்டு ஆரோக்கியராஜுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இவனுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் காதுகுத்தும்தான் மிச்சம். "பேசாம ஆரோக்கியராஜ்கிட்ட லைட் புடிக்கப் போயிடுங்க மாப்ள" என்று சுகுணாவின் அண்ணன் பந்தியில் வைத்தே சொல்லிவிட்டான். மண்டிக்காரர்கள் மத்தியில் மாரப்பன் வாய்ச்சொல்லுக்கு மரியாதை உண்டு. இந்தக் கல்யாணம் நன்றாக அமைந்தால் கடை நிமிரும். கெட்டால், லைட்டைப் பிடிக்க வேண்டியதுதான்.

கேமராவோடு வந்த பழைய கம்பெனி லென்ஸ் ஒன்று பீரோவுக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. கோபத்தோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, லென்ஸைப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டினான். மாட்டி முடித்த பிறகு மேசையில் இரண்டு ஸ்க்ரூ மீந்தது. லென்ஸ் அதோடு சரி.

"மிச்சம் பண்ணிட்டீங்க" என்றாள் சுகுணா.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? அடுத்த யோசனை அவனுக்கு நலங்கு அன்று காலையில் வந்தது. கம்பெனியின் உசந்த லென்ஸில் முன்பக்கம் ஒரு சிவப்பு வளையம் இருக்கும். தூரத்தில் பார்க்கிறவர்களுக்கு அதுதான் அடையாளம். தன் லென்ஸின் பெயர்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். சுகுணாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, லென்ஸைச் சுற்றி வளையம் வரைந்தான்.

"நல்லா ஓடற லென்ஸுக்கு எதுக்குங்க பொட்டு வெக்கறீங்க?"

"உங்க ஊர்க்காரனுங்களுக்குப் பொட்டு வெச்சாத்தான் தெரியுது."

"என் ஊரு பாப்பிரெட்டிப்பட்டி. இது உங்க ஊரு" என்றாள் அவள்.

மாரப்பன் வூட்டு வாசலில் காவேரியை மணையில் உட்கார வைத்து, பெண்கள் மஞ்சள் பூச ஆரம்பித்தார்கள். மாதவராஜ் முதலில் மஞ்சள் கிண்ணத்தைக் கிட்டத்தில் எடுப்பதற்காக லென்ஸின் ஜூம் வளையத்தை ஒரே திருப்பாகத் திருப்பினான். கிண்ணத்தை நாலைந்து கோணத்தில் எடுத்து முடித்து, முழு ஆளும் தெரிய வேண்டும் என்று திரும்ப இழுத்தான். வரவில்லை. ஈரம் காயாமல் வழிந்த நெயில் பாலிஷ் வளையத்தின் இடுக்கில் இறங்கி, மாரண்டஹள்ளி வெயிலில் நன்றாகக் காய்ந்து, லென்ஸைப் பூட்டிவிட்டிருந்தது. இங்கே நின்றால் காவேரியின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

மூக்கோடு வாயும் தெரிய இரண்டடி பின்னால் போனான். கழுத்து வேண்டுமென்று வாசலைத் தாண்டினான். மணையும் மாமிமார்களும் தெரிய ரோட்டைக் கடந்து, எதிர் வூட்டு மாட்டுக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு எடுத்தான். நடுவில் டவுன் பஸ் ஒன்று போயிற்று. கொட்டகையின் சொந்தக்காரம்மா வந்து, "தம்பி, சாணி மேல நிக்கறீங்க" என்றாள். அவனுக்குத் தெரியும்.

"போட்டோக்காரத் தம்பி எங்க போறாரு?" என்று மாரப்பன் ரோட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"தூரத்துல இருந்து எடுத்தாத்தான் அண்ணா நேச்சுரலா வரும்" என்று கத்தினான் மாதவராஜ். பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியதால் அவருக்குப் பாதிதான் கேட்டது.

"நீங்க இருக்கீங்க இல்ல, எனக்கு அது போதும்" என்றார் மாரப்பன்.

வூட்டுக்கு வந்ததும் நெயில் பாலிஷை அழிக்கிற திரவத்தை எடுத்து வளையத்தில் ஊற்றினான். சுகுணா வேண்டாம் வேண்டாம் என்று ஓடி வருவதற்குள் ஊற்றிவிட்டான். பாலிஷ் கரைந்தது. கூடவே பிளாஸ்டிக்கும் கரைந்தது. உள்ளே இறங்கின ஈரத்தில் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துப்போயிற்று. ஆறு மாசம் யோசித்து வாங்கியதை ஒரு மூடித் திரவத்தில் கொன்றுவிட்டு, அதைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். அழுகை வந்தது. அழத் தெரியாததால் மாரப்பனைத் திட்டினான்.

"இப்பவாச்சும் போன் பண்ணிக் கேளுங்க."

"இனிமே என்னத்தைக் கேக்கறது? விடிஞ்சா முகூர்த்தம். கம்பெனி லென்ஸ் வெச்சிருக்கறவன் இந்தப் பக்கத்துல ஒருத்தன்தான் இருக்கான்."

அந்த ஒருத்தன் யார் என்று சுகுணாவுக்குத் தெரியும். வீடியோ கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

பாலக்கோட்டில் ஆரோக்கியராஜ், செத்த லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மட்டமா வாங்கினா இப்பிடித்தான்."

"யோவ், அது மட்டம் இல்ல. நான் பண்ணின வேலை. உன்னுதைவிட நல்லா எடுத்துச்சு. ஒரு நாளைக்கு உன் லென்ஸைக் குடு."

"என் கேமரா வேற கம்பெனி, உன்னுதுல மாட்டாது. கேமராவோட சேத்துக் குடுக்கறதுன்னா என் பொண்டாட்டி கையிலகூடக் குடுக்க மாட்டேன். வேணும்னா நானே வந்து எடுத்துத் தர்றேன். நீ லைட்டைப் புடிச்சுக்க."

மாதவராஜுக்கு உச்சந்தலை சூடேறியது. மச்சான் வாக்கு பலித்தேவிட்டது. ஆரோக்கியராஜ் சட்டையைப் பிடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். மேடையில் காவேரி மாலையோடு நிற்க, தான் வெறுங்கையோடு நிற்பதை நினைத்துப் பார்த்தான். "காலையில நேரத்துக்கு வந்துடு" என்றான்.

வந்தான், சரியான நேரத்துக்கு. ஆனால் மண்டப வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த மாரப்பனைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் பைக்குள்ளிருந்து ஒரு தொப்பியை எடுத்து நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மண்டபத்துக்குள்ள எதுக்குய்யா தொப்பி?"

"லைட் கண்ணு கூசுது."

"லைட்டு இன்னும் போடவே இல்லையே."

ஆரோக்கியராஜ் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டான். பக்கவாட்டு வழியாக மேடைக்குப் போய்விட்டான்.

கெட்டிமேளம் முழங்கியது. ஆரோக்கியராஜ் கேமராவோடு முன்னால் நின்றான். மாதவராஜ் இரண்டு கையாலும் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சான் கைதட்டினான். தாலி ஏறினதற்கா, லைட்டுக்கா என்று தெரியவில்லை.

அட்சதை விழுந்து ஓய்ந்ததும் காவேரி இவனைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க எடுக்கலையா?"

"அவரு எடுத்தா என்னம்மா, நான் எடுத்தா என்ன? உசந்த லென்ஸும்மா அது" என்றான். அவள் முகம் வாடியது. எடுத்த கண்ணாடிக்காக இத்தனை பாடு பட்டவனுக்கு அது ஏன் என்று புரியவில்லை.

அப்போது மாரப்பன் மேடை ஏறினார். பின்னாலேயே அவர் சம்சாரம் சாலம்மாள். மாரப்பன் கேமராவைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், மறுபடி கேமராவைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

இத்தனை நாள் அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் மாதவராஜுக்கு இப்போது ரோஷமாகத் திரும்பியது. லைட்டை இறக்கி வைத்துவிட்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரியே சொன்னான்.

"நல்லா பாத்துக்கங்க அண்ணா. முழுக்க முழுக்க ஒரிஜினல், கம்பெனி லென்ஸ். என் லென்ஸைக்கூடக் கொண்டுவரல. நீங்க சொன்ன மாதிரி, தேர்ட் பார்ட்டி துளிகூடக் கிடையாது."

மாரப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் சாலம்மாள் ஓரெட்டு முன்னால் வந்து, குனிந்து, தொப்பிக்கடியில் ஆரோக்கியராஜின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க அக்கா பையன் கல்யாணத்துல நாம புக் பண்ண ஆளு வராம, அவனுக்குப் பதிலா தேர்ட் பார்ட்டியா வந்து நின்னது இந்த ஆளுதானுங்களே?"