ஹாரன் போட்ட பட்டாணிப் பாத்தி

பஸ் ஓட்டுநருக்கு ஆறு நாள் ரோடு, ஒரு நாள் சோபா. டிப்போ ஓய்வறையில் அவர் விட்ட குறட்டையைக் கேட்டவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன்.

குளிர் விலகி வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சோபாவுக்கு ஆபத்து வந்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா தன் தோட்டத்தில் பறித்துக் கொடுத்த கீரையைச் சாப்பிட்டதிலிருந்து மனைவிக்கு ஒரே ஆசை. கையில் மண்வெட்டியையும் பட்டாணி விதைப் பொட்டலத்தையும் கொடுத்து, கொல்லையில் பாத்தி போடச் சொல்லிவிட்டு, தான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஹாரன் யோசித்தார். இன்று பட்டாணி என்பாள். நாளை தக்காளி, அப்புறம் அவரை. ஓய்வு நாளெல்லாம் மண்ணாய்ப் போகும். முடியாது என்றால் வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது. விதை முளைக்காவிட்டால்? ஆசை தானே அடங்கிவிடும்.

வாணலியை அடுப்பில் ஏற்றினார். விதையைப் பக்குவமாக வறுத்தார். நாலைந்தை உப்புப் போட்டு ருசியும் பார்த்தார். மிச்சத்தை, மண்ணைப் பேருக்குக் கீறி, புதைத்துத் தண்ணீர் விட்டார்.

மதியம் மனைவி வாசற்படியிலேயே மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, ஏதோ வாசனை வருது?"

"பஸ்ஸுல கிளட்ச் கருகின வாசனை. சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

"பாவம், லீவு நாள்லகூட உங்களை விட மாட்டேங்குது" என்றாள்.

நாட்கள் போயின. பாத்தி மொட்டையாகவே கிடந்தது. ஹாரன் எழவு வீட்டு முகத்தோடு நின்று, இந்த மண்ணுக்கு ராசியில்லை என்றார். மண்ணின் மேல் பழி போடக் கூடாது என்றாள் அவள். மேலாகக் கீறினால் விதைக்கு மூச்சு முட்டுமாம். முழங்கால் ஆழம் வேண்டுமாம். கொத்தினார். புதுப் பொட்டலத்தையும் வறுத்துப் போட்டார். அதுவும் வரவில்லை. அப்படியென்றால் கொல்லை முழுவதுமே இறுகியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சுவரிலிருந்து சுவர் வரை கொத்தி முடித்தபோது, சோபாவில் படுக்கக்கூட இடுப்பு இடம் கொடுக்கவில்லை. முளைத்துத் தொலைத்தால்தான் தனக்கு விடுதலை என்று புரிந்தது. மூன்றாவது பொட்டலத்தைப் பச்சையாகவே விதைத்தார்.

அது முளைத்தது. அவருக்கும் ஏதோ முளைத்தது. டூட்டி முடிந்து வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடுவார். கொடி குச்சியைப் பிடித்துக்கொண்ட அன்று டிப்போ முழுக்கச் சொன்னார். அவர் கொத்திய இடமெல்லாம் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கியது. பல் டாக்டரம்மாவே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, விதை எங்கே வாங்கினது என்று கேட்டாள். ஹாரன் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் புருஷனும் பொண்டாட்டியும் பின்படியில் உட்கார்ந்து காயை உரித்து உரித்துப் பச்சையாகவே தின்றார்கள். இளசு, பாலாக இனித்தது. இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கித் தொலைத்தோமே என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"தேன்தான், போ."

"அப்ப வாசல் பக்கத்தையும் கொத்திடுங்க" என்றாள் அவள், இன்னொரு காயை உரித்தபடி. "இந்தத் தடவை விதையை நானே வறுத்துத் தர்றேன்."