மேடேறிய மூன்று சிலிண்டர்

வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி மறுபடியும் அணைந்துபோனது.

"கிளட்ச்ச மெதுவா விடுன்னு எத்தன தடவ சொல்றது," என்றான் கணவன், வெளியே நின்றபடி.

"மெதுவாத்தாங்க விட்டேன். சும்மா நிக்கும்போதே இன்ஜின் இருமுது."

"வண்டியக் குத்தம் சொல்லாத. உன் கால்தான் சரியில்ல."

நர்ஸான அவளுக்கு அழுகை முட்டியது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் அந்த வேலை. ஏற்கெனவே இரண்டு முறை மேட்டில் வண்டி அணைந்து தேர்வில் தோற்றிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அடுத்த தேர்வு.

கணவன் பானெட்டைத் திறந்தான். சமீபத்தில் வாங்கிய பழைய வண்டிதான். ஆனால் அதன் ஜாதகமே அவனுக்கு அத்துப்படி.

"ஆயிரம் சிசி, மூணு சிலிண்டர். கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பிளக்கத் தொடச்சாப் போதும்."

துடைத்து மாட்டினான். லேசாக ஆடிய வண்டி இப்போது குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது.

"மூணுல ஒண்ணு வேல செய்யல," என்றாள், தேர்வு மைதானம் வரை ஓட்டிப்போக வந்திருந்த நர்ஸின் அக்கா. "அந்த ஒயர் தொங்குது பாருங்க, மாப்பிள்ள."

"தெரியும். சும்மா செக் பண்ணேன்."

ஒயரை மாட்டியவன் அதோடு விட்டானா? காற்று போகும் வழியில் கரி அடைத்திருக்கும் என்று அதையும் கழற்றிச் சுத்தம் செய்தான். பூட்டிக் கிளப்பியதும் இன்ஜின் அலறியது. ஆக்ஸிலரேட்டரை யாரும் தொடவே இல்லை.

"ஏதாச்சும் டியூப மாட்டாம விட்டீங்களா?" என்றாள் அக்கா.

"இப்பத்தான் அதுக்கு மூச்சே வந்திருக்கு. நேரமாச்சு, நீங்களே ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து சத்தத்தக் கவனிக்கிறேன்."

மைதானத்தில் நர்ஸின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த ஆய்வாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா, பறக்கப் போறோமா? சரி, மேட்டுல நிறுத்தி எடுங்க."

நிறுத்தினாள். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வண்டி அணையவில்லை, அலறிக்கொண்டே ஏறியது. ஆக்ஸிலரேட்டருக்கு வேலையே இல்லை. துள்ளப் பார்த்த வண்டியைக் கிளட்ச்சாலும் பிரேக்காலும் அடக்கி, வளைத்து, பின்னால் எடுத்து, கோட்டுக்குள் அலுங்காமல் நிறுத்தினாள். குற்றம் சொல்லப்பட்ட அதே கால்கள்தான். அவளுக்கே சிரிப்பு வந்தது.

"கிளட்ச்ச இப்படித்தாம்மா பிடிக்கணும். பாஸ்," என்றார் ஆய்வாளர். "வண்டிய மட்டும் நேரா மெக்கானிக்கிட்ட விடுங்க."

அவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "நான் கத்துக்கொடுத்தது. வீண் போகுமா?"

பின்னால் வந்து நின்ற ஆய்வாளர் அவன் முகத்தைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"அடடே, நீங்களா? இந்தம்மா பாஸாயிட்டாங்க. போன வாரமும் அதே மேட்டுல கோட்ட விட்டீங்களே, நீங்க அடுத்த டெஸ்டுக்கு எப்ப வர்றீங்க?"