உம்

மதம் வன்முறைக்குக் காரணம் அல்ல என்பதை, தேநீர் வருவதற்குள் ஒருமனதாக நிறுவிய பெருமை உலகில் கடைத்தெரு அமைதிக் குழு ஒன்றையே சாரும்.

குழுவின் செயலாளர் தையல்காரர். கலவரத்துக்குப் பின் போலீஸ் தெருவை அடைத்திருந்தது. குழுவின் அமைதி அறிக்கையில் இரு மதத்தாரும் கையெழுத்திட்டால் திறக்கும். அவர் கடைக்குள் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கிடந்தன. திங்கட்கிழமை பள்ளி. அவருக்கு மோட்சம் வேண்டாம்; ஷட்டர் திறந்தால் போதும்.

ஒரு மதத்துக்கு இரும்புக் கடைக்காரர் வந்திருந்தார். மற்றதற்குக் கண்ணாடிக் கடைக்காரர். கலவரத்தில் இருவருக்குமே வியாபாரம் மோசமில்லை. கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

தையல்காரர் வாசித்தார்: "இரும்புக் கடைக்காரர் மதம் கலவரத்துக்குக் காரணம் அல்ல. கண்ணாடிக் கடைக்காரர் மதமும் காரணம் அல்ல."

கைதட்டல். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"அதென்ன 'மதமும்'? அவங்களுக்கு வெறும் மதம். எங்களுக்கு மட்டும் 'உம்'மா?"

"அது சும்மா ஒரு ஒட்டுண்ணே."

"ஒட்டா? அப்ப நாங்க இந்தத் தெருவுக்கு ஒட்டுத் துணியா?"

"ஒரு எழுத்து கூடத்தானே குடுத்திருக்கு? வாங்கிக்குங்க," என்றார் இரும்புக் கடைக்காரர்.

"அவ்வளவு ஆசைன்னா நீங்க வெச்சுக்குங்க!"

"ரெண்டு பேருக்குமே 'உம்' போட்டுடறேன்," என்றார் தையல்காரர்.

"அவங்க கழட்டிப் போட்டதை நாங்க மாட்டிக்கணுமா?"

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எழுந்தார். கையை உயர்த்தினார்.

"அமைதி. இலக்கணப்படி இவருடையது எச்ச உம்மை."

"யாரைய்யா எச்சம்ங்கற?"

முதல் நாற்காலி அப்போது பறந்தது. மடக்கு நாற்காலிக்கு மதம் கிடையாது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து காரணம் கேட்டார். தலைவர் நெற்றியைப் பொத்தியபடி, "இலக்கணம்," என்றார். அது அப்படியே பதிவானது. தெரு மறு உத்தரவு வரை அடைக்கப்பட்டது.

தையல்காரரின் மனைவி போனில் கேட்டாள்: "என்னங்க, கையெழுத்துப் போட்டாங்களா?"

"கை போட்டாங்க. எழுத்துதான் பாக்கி."

திங்கட்கிழமை பிள்ளைகள் கிழிந்த பழைய சட்டையோடு அவர் வீட்டு வாசலைக் கடந்து போனார்கள்.

மதம் காரணம் அல்ல என்பதில் இரு தரப்பும் இன்றும் உறுதி. அந்தக் கொள்கைக்காக உயிரைக் கொடுப்பார்களா, தெரியாது. எடுப்பார்கள்.