டிரம்மில் வந்த நாகரிகம்

ரதாமெஸுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். குழாயடியில் வாளியை வரிசையில் போட்டுவிட்டு, தண்ணீர் வரும்வரை அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் துவைத்துப் பிழிகிறாளே செனோபியா, அவள் மகன் குச்சோ மட்டும் என்ன பெரிய ஞானியா? அவனும் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வருவது யார் போவது யார் என்று பிடரியால் பார்த்துக்கொண்டுதான் திரிகிறான். பைத்தியம் என்றால் எங்கள் பேட்டை வில்யா ஹுவானா முழுக்கப் பைத்தியம். ஆகஸ்ட் மாதத்து உச்சிவெயிலில் பனிக்கோட்டு போட்டுக்கொண்டு நடந்தவன் ரதாமெஸ்தான். அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டை ஒரே ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கேட்டு அவன் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் யார் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா, இல்லையா?

அவன் தனி ஆள் இல்லை. ஓர் இனம். டிரம் பார்த்து உடுத்தும் இனம்.

நீங்கள் பார்க்காதவர்களா என்ன? பேண்ட் இவர்கள் இடுப்பில் நிற்காது, நிற்கவும் கூடாது. உள்ளே இன்னும் இரண்டு பேர் குடியிருக்கலாம் போல அவ்வளவு தொளதொளப்பு. ஒரு கால் முழங்கால் வரை சுருட்டியிருக்கும், மறு கால் தெருவைப் பெருக்கிக்கொண்டே வரும். ஷூவில் நாடா உண்டு, முடிச்சு கிடையாது. தொப்பியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கும். அதைக் கிழித்தால் தொப்பியின் உயிர் போய்விடும். இடுப்பைச் சுற்றி ஒரு கட்டம் போட்ட சட்டை, போட்டுக்கொள்வதற்காக அல்ல, கட்டிக்கொள்வதற்காக. ஓடும் பஸ்ஸை இவர்களில் ஒருவன் எட்டிப் பிடித்து ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. ஒரு கை பேண்டைப் பிடித்திருக்கிறது, மறு கை தொப்பியைப் பிடித்திருக்கிறது. பஸ்ஸை எந்தக் கையால் பிடிப்பது?

ஏனடா இப்படி என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில். "அங்க இப்ப இதுதான் ஓடுது."

அங்கே என்றால் நியூயார்க். அங்கே ஓடுவது இங்கே எப்படித் தெரியும்? டிரம்தான் சொல்லும். ரதாமெஸின் சித்தி மிரியான் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். வருஷத்தில் ஒன்றிரண்டு முறை, ஆள் உயரத்துக்கு ஒரு நீல டிரம்மை நிரப்பிக் கப்பலில் ஏற்றிவிடுவாள். அது வந்து இறங்கும் அன்று அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் திடீரென்று சர்க்கரை தீர்ந்துபோகும். எல்லாரும் கையில் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். எண்ணெய், சோப்பு, டப்பா மீன் எல்லாம் அவன் அம்மா தாத்திகாவுக்கு. துணிமணி ரதாமெஸுக்கு. அவன் ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பார்ப்பான். அங்கேயிருந்து வரும் காற்று அல்லவா? சோப்போடு சேர்ந்து கிடந்ததால் சோப்பு வாசனைதான் வரும். அதையும் நாகரிகத்தின் வாசனை என்றே எடுத்துக்கொள்வான்.

பனிக்கோட்டும் அப்படி வந்ததுதான். சித்திக்கு அங்கே வீட்டில் இடம் இல்லை, டிரம்மில் இடம் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் தெருமுனையில் அதற்கு வேறு அர்த்தம்.

இதெல்லாம் பெருந்தொல்லை ஒன்றும் இல்லை, நடுவில் யொகாஸ்தா என்ற பெண் மட்டும் இல்லாதிருந்தால். மூலைக்கடை பெர்சியோவின் மகள். நர்ஸ் படிப்புக்குப் போய்வருகிறாள். இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணோடு பழக விரும்பும் பையன், மரியாதை தெரிந்தவனாக இருந்தால், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நேரில் அனுமதி கேட்க வேண்டும். அவர் சரி என்றால் முன்னறையில் ஓர் ஆடும் நாற்காலியைக் காட்டுவார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அது உன் நாற்காலி. எதிர் நாற்காலியில் பெண் ஆடுவாள், சமையலறையிலிருந்து காப்பி வரும், நடுவில் அப்பா செய்தித்தாள் படிப்பதுபோல் பாவனை செய்வார். நாற்காலி கிடைக்காதவன் வாழ்நாள் முழுக்கத் தெருவில் நின்று விசிலடிக்க வேண்டியதுதான். ரதாமெஸுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த நாற்காலி ஒன்றே.

கேட்கப் போனான். எதைப் போட்டுக்கொண்டு போனான் என்று கேட்கவும் வேண்டுமா?

பெர்சியோ கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, வெளியில பனி ஏதாச்சும் கொட்டுதா?"

"இல்லீங்க ஐயா."

"இல்ல, கல்லாவுல உட்கார்ந்தே இருக்கேனா, எனக்குத்தான் தெரியாம போச்சோன்னு பார்த்தேன். கழட்டி மாட்டிட்டு உட்காரு."

"பரவால்லீங்க ஐயா. இது போட்டுக்கிட்டேதான் உட்காரணும்."

உட்கார்ந்தான். மின்சாரம் போயிருந்தது, விசிறி நின்றிருந்தது. வந்த காரியத்தை ஆரம்பித்தான். "ஐயா, நான் எதுக்கு வந்தேன்னா…" என்றவன் கண்கள் மேலே செருகின. நாற்காலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, பையன் ஆடவில்லை. காதலில் மயங்கினான் என்று குச்சோ இன்றைக்கும் சொல்வான். புழுக்கத்தில் மயங்கினான் என்பதே உண்மை. பெர்சியோ கடைக்கு ஓடி, பீர் வைக்கும் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை அள்ளிவந்து கோட்டுக்குள்ளேயே கொட்டினார். கண் திறந்ததும் அவர் சொன்னது இதுதான்:

"இங்க பாரு தம்பி. நாற்காலி எங்கயும் ஓடிப்போகாது. பெல்ட்டு போட்ட பேண்ட்டோட மனுஷன் மாதிரி ஒரு நாள் வா. அதுவரைக்கும் என் வீட்டு நாற்காலியில துணி மூட்டைக்கு இடமில்ல."

ரதாமெஸ் அழாத குறையாக அம்மாவைத் தொலைபேசிக் கடைக்கு இழுத்துப் போனான். தாத்திகா, நியூயார்க்கின் காதில் விழ வேண்டும் என்று கத்தினாள். "மிரியான், உன் பிள்ளைக்கு ஒரு கௌரவமான பேண்ட் அனுப்பு. பொண்ணு வீட்டுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி. அப்படியே எனக்கு ஒரு தட்டு செட்டு." சித்தி சரி என்றாள். சரி என்றவள் தட்டு செட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாள்.

டிரம் வந்தது. மேலிருந்து அடிவரை துழாவியும் பேண்ட் இல்லை. கடைசியில் தட்டுகள் வந்தன. உடையாமல் இருக்க ஒவ்வொரு தட்டையும் ஒரு மெல்லிய பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். ரதாமெஸ் ஒன்றைப் பிரித்தான். இரண்டு கால்கள் விழுந்தன.

பேண்ட். வெளிர்பச்சை. ஜிப் இல்லை, பை இல்லை, பெல்ட்டுக்கு வளையம் இல்லை. இடுப்பில் ஒரு நாடா. பின்பக்கத்தில் பட்டையாக இங்கிலீஷ் எழுத்துகள்.

இங்கேதான் நீங்கள் இந்த இனத்தின் மூளையைக் கவனிக்க வேண்டும். கௌரவமான பேண்ட் கேட்டோம். சித்தி அனுப்பியிருப்பது இது. ஆகவே அங்கே கௌரவம் இப்போது பச்சை நிறத்தில் இருக்கிறது, நாடா கட்டுகிறது. எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள். தட்டு சுற்றி வந்த துணி என்று தாத்திகா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, பேண்ட் கசங்காம இருக்கத்தான் உள்ள தட்டு வச்சிருக்காங்க" என்றான்.

அன்று சாயங்காலமே தெருமுனை. குச்சோ அவனைச் சுற்றி வந்து பார்த்தான்.

"டேய், இது என்னடா?"

"அங்க இப்ப இதுதான் ஓடுது."

"நாடாவா?"

"ஜிப்பெல்லாம் பழசுடா."

குச்சோ தன் ஜிப்பைக் குனிந்து பார்த்த பார்வையில், ஒரு ஜிப்புக்கு அதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்திருக்காது.

ரதாமெஸிடம் தட்டுக்கு ஒன்றாகச் சில பேண்ட்கள் இருந்தன. நெருங்கியவர்களுக்குக் கொடுத்தான். மற்றவர்கள் தையல்காரரிடம் ஓடினார்கள். சந்தையில் பச்சைத் துணி தீர்ந்தது. தெரு மன்றத்தில் டோமினோ ஆடும் மேசைமேல் விரித்திருந்த பச்சை விரிப்பு ஒரு காலைவேளையில் காணாமல் போய், மறுநாள் சாயங்காலம் இரண்டு கால்களில் நடந்து வந்தது. தையல்காரர் பின்பக்கத்து இங்கிலீஷ் எழுத்துகளையும் விடவில்லை; அந்த எழுத்து இல்லாவிட்டால் அது உள்ளூர்ச் சரக்கு ஆகிவிடும் என்று எல்லோரும் அடம்பிடித்ததால், ஒவ்வொருவர் பிட்டத்திலும் நூலால் எழுத்தெழுத்தாகத் தைத்துக் கொடுத்தார்.

யொகாஸ்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது தெருமுனையில் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அவள் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரதாமெஸைக் கூப்பிட்டு, நடந்துகொண்டே கேட்டாள்.

"யாருக்கு ஆபரேஷன்?"

"எந்த ஆபரேஷன்?"

"இவ்வளவு டாக்டருங்க நிக்கறீங்களே, அதான் கேட்டேன். வயித்தைக் கிழிக்கிறப்ப டாக்டருங்க போடுற பேண்ட்டுப்பா இது. எங்க ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. பின்னால என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"கம்பெனி பேரு."

"'ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானது. வெளியே கொண்டுபோகக் கூடாது.' மருந்துப் பெட்டி பூரா இங்கிலீஷ்தான், படிச்சுப் படிச்சுப் பழகிடுச்சு."

ரதாமெஸ் திரும்பித் தெருமுனையைப் பார்த்தான். செனோபியாவின் மகன் முதற்கொண்டு, ஊரில் பாதி இளவட்டம் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாகி நின்றது.

"யாருகிட்டயும் சொல்லிடாத."

"சொல்லல. ஞாயித்துக்கிழமை பெல்ட்டு போட்டுக்கிட்டு வா. எங்கப்பா பொறுமைசாலிதான், ஆனா கெஸ்ட் நாற்காலியத் துடைச்சு வச்சு எனக்குக் கை வலிக்குது. இந்த வாரமும் வரலன்னா அதைத் தூக்கி மாடியில போட்டுடுவேன்."

போட்டுவிடுவாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

ஞாயிறு வந்தது. இடுப்பில் நிற்கும் பேண்ட் ஒன்றுகூட அவனிடம் இல்லை. பழையவற்றைத் தாத்திகா எப்போதோ தரை துடைக்கப் போட்டுவிட்டாள். வீட்டில் பெல்ட்டு வளையத்தோடு இருந்த ஒரே பேண்ட், கார் ஓட்டும் அப்பா ஞாயிற்றுக்கிழமைக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த பழுப்பு நிறப் பேண்ட்.

"அப்ப நான் எதைப் போட்டுக்கறது?" என்றார் அப்பா, போர்வைக்குள்ளிருந்து.

"நீங்க தூங்குங்க" என்றாள் தாத்திகா.

"ஞாயித்துக்கிழமை பூராவுமா?"

தாத்திகா ஒரு பச்சைப் பேண்ட்டை எடுத்து அவர் மேல் வீசினாள். அவர் திட்டிக்கொண்டே கால்களை நுழைத்தார், நாடாவைக் கட்டினார், முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். "காத்து நல்லா வருதுடி" என்றார்.

அப்பா குட்டை, பருமன். மகன் நெட்டை, ஒல்லி. பேண்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றது. இடுப்பில் மிச்சமிருந்ததை மடித்து மடித்துப் பெல்ட்டால் இறுக்கியதில், அது கிட்டத்தட்ட மார்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, உள்ளதைச் சொல்ல வேண்டும், வெட்கத்தில் காது சிவந்தும் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தான். பனிக்கோட்டு போட்டு நடக்கத் தேவைப்படாத தைரியம் அதற்குத் தேவைப்பட்டது.

தெருமுனை மொத்தமும் திரும்பியது. குச்சோவின் வாயில் இருந்த பல்குச்சி கீழே விழுந்தது.

"டிரம் வந்துடுச்சா?"

"இல்லடா. இது அப்பாவோடது."

குச்சோ அவன் கணுக்காலையும் மார்பையும் மாறி மாறிப் பார்த்தான். மெல்லத் தலையாட்டினான்.

"ஓ. அங்க இப்ப அப்பாவோடதுதான் ஓடுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஓடலடா. சும்மா பேண்ட்டுடா இது."

"சும்மா பேண்ட்டு" என்று குச்சோ மற்றவர்களுக்குத் திரும்பிச் சொன்னான், குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியத்தை ஒப்படைப்பதுபோல. ரதாமெஸ் பத்தடி போவதற்குள் பின்னால் நாடா அவிழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். அத்தனை டாக்டர்களும் பேண்ட்டை மார்பு வரை தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் அப்பாவைத் தேடி வீட்டுக்கு ஓடினார்கள்.

பெர்சியோ வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

பெர்சியோ நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதற்குக் கீழே புத்தம்புதுப் பச்சைப் பேண்ட், கத்திமுனை போல இஸ்திரி மடிப்போடு. நாடாவைப் பூ முடிச்சாகக் கட்டியிருந்தார்.

"வா தம்பி, வா" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. "அன்னிக்கு நான் பேசினது அதிகம்னு வீட்டுல சொன்னாங்க. நாமளும் பிள்ளைங்களோட ஒத்துப்போகணுமில்ல? தையல்காரர்கிட்ட ராத்திரியோட…" அப்போதுதான் அவர் பார்வை கீழே இறங்கியது. கணுக்கால். பெல்ட்டு. மார்பு. அவர் முகம் வாடியது. "என்ன தம்பி, அதுக்குள்ள மாறிடுச்சா?"

ரதாமெஸ் அந்தப் பூ முடிச்சைப் பார்த்தான். காப்பித் தட்டோடு வந்த யொகாஸ்தா, சமையலறை வாசலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க ஐயா" என்றான் ரதாமெஸ். "பச்சைதான் ஓடுது. உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு."

பெர்சியோவின் முகம் தெளிந்தது. நாற்காலியை இழுத்துப் போடத் திரும்பினார். ஓர் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான பெர்சியோ, தன் கையாலேயே அதைத் துடைத்து, ஜன்னலோரம் காற்று வரும் இடத்தில் போட்டார். "உட்காரு. இனிமே இது உன் இடம்."

உட்கார்ந்தான். ஆடினான். எதிர் நாற்காலியும் ஆடியது.

இப்போது சொல்லுங்கள், இதில் பைத்தியம் யார்? சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த கையோடு, உங்கள் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறீர்களே, கண்ணைப் பறிக்கிறது என்று ஆசையாக வாங்கிய சட்டை, அதன் முதுகில் என்னதான் எழுதியிருக்கிறது என்று, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கும்போது பக்கத்தில் மாமனார் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.